அடித்த வரிகளில் பிறந்த முகங்கள்

ஆபீஸ் வேலை பார்க்கிறவர்களுக்கு "அடித்தல் திருத்தல்" என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. ரிஜிஸ்டரில் ஓர் எண் தவறி விழுந்தால் சுரண்டக் கூடாது, மேலேயே எழுதிப் பூசவும் கூடாது. ஒற்றைக் கோடு போட்டு அடித்து, சரியான எண்ணை மேலே எழுதி, பக்கத்தில் சின்னக் கையெழுத்து வைக்க வேண்டும். கம்ப்யூட்டர் வந்து இத்தனை காலம் ஆகியும் ரயில்வே ஆபீஸ்களில் சில கனத்த ரிஜிஸ்டர்கள் இன்னும் இருக்கத்தான் செய்கின்றன. அவற்றில் அடித்தல் அதிகமானால் விளக்கம் கேட்டுத் தாள் வரும். பத்திரம் எழுதுகிறவர்களோ எத்தனை அடித்தல், எத்தனை திருத்தல் என்று கடைசிப் பக்கத்தில் கணக்கே எழுதிவிடுவார்கள். அடித்த வரி என்றாலே நமக்கு ஒரு குற்றம்.

அப்படி அடித்த வரிகளிலிருந்து ஓர் ஓவியர் பிறந்தார் என்றால் நம்புவீர்களா? பிறந்தார். அவர் பெயர் ரவீந்திரநாத் தாகூர். நம் தேசிய கீதத்தை எழுதியவர், 1913-ல் நோபல் பரிசு பெற்றவர் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அதே தாகூர்தான். அவர் கவிஞர் என்பது எல்லோருக்கும் தெரியும். கடைசிக் காலத்தில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட படங்களை வரைந்து குவித்தவர் என்பது நம்மவர்களில் பலருக்குத் தெரியாது. அந்தப் படங்களில் சில, பெங்களூரு பேலஸ் ரோட்டில் உள்ள தேசிய நவீன கலைக்கூடத்தில் மாட்டப்பட்டிருக்கின்றன என்று கேள்விப்பட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்து வந்தேன். கன்டோன்மென்ட் ஸ்டேஷனில் இறங்கினால் ஆட்டோவில் சிறிது தூரம்தான். மீட்டர் போடுகிற ஆட்டோக்காரர் கிடைத்தால் செலவும் அதிகமில்லை.

முதலியார் மாளிகை

கலைக்கூடம் இருக்கும் கட்டடத்தின் பெயரைக் கேட்டால் நம்மவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். அதன் பெயர் மாணிக்கவேலு மாளிகை. ஏழைக் குடும்பத்தில் பிறந்து, மாங்கனீசு, குரோமியச் சுரங்கங்களைக் குத்தகைக்கு எடுத்துப் பெரும் பணக்காரரான மாணிக்கவேலு முதலியார், மைசூர் அரச குடும்பத்தாரிடமிருந்து வாங்கிய மாளிகை அது. பிற்காலத்தில் செல்வம் கரைந்தது, மாளிகை ஏலத்துக்குப் போனது. பிறகு அரசாங்கத்தின் கைக்கு வந்து, பல ஆண்டுகள் கழித்துக் கலைக்கூடமாக மாறியது. 2009-ஆம் ஆண்டு பிப்ரவரி 18-ந் தேதி திறந்தார்கள். டெல்லி, மும்பைக்கு அடுத்தபடி நாட்டில் இந்த வகையில் மூன்றாவது இது.

சுரங்கத்தில் சம்பாதித்த வீடு என்பதை எண்ணும்போது வேறொன்றும் நினைவுக்கு வருகிறது. கோலார் தங்கவயல் சுரங்கம் 2001 பிப்ரவரியில் மூடப்பட்ட பிறகு, அந்தச் சுரங்கத் தொழிலாளர்களின் பிள்ளைகள் பல ஆயிரம் பேர் மாரிக்குப்பத்தில் விடியுமுன் ரயிலேறி பெங்களூருக்கு வந்து வேலை பார்த்துவிட்டு இரவு திரும்புகிறார்கள். நம்முடைய வாசகர்கள் பலர் அந்த ரயிலில்தான் இந்தப் பத்திரிகையைப் படிக்கிறார்கள். அந்த ரயிலில் கன்டோன்மென்ட்டில் இறங்குகிறவர்களில் எத்தனை பேர் இந்த மாளிகைக்குள் நுழைந்திருப்பார்கள்? வாசலில் பெரிய மரங்கள், உள்ளே புல்வெளி, கேட்டில் சீருடைக் காவலர். "நமக்கு எதுக்கு இதெல்லாம்" என்று தாண்டிப் போய்விடுகிறோம்.

என்னோடு வந்தவரும் அதையேதான் சொன்னார். அவர் ரயில் பாதையில் வேலை பார்த்து ஓய்வு பெறும் வயதை நெருங்கிக்கொண்டிருப்பவர். "டிராக் மெயின்டெய்னர்" என்று காகிதத்தில் பெயரை மாற்றிவிட்டார்கள், ஆனால் எங்களுக்கெல்லாம் அவர் கேங்மேன் அண்ணன்தான். ஊர் திருப்பத்தூர்ப் பக்கம். எழுத்து அதிகம் தெரியாது, கையெழுத்துப் போடுவார். கேட்டருகே நின்று, "தம்பி, இது பெரிய மனுசங்க வர்ற இடமாட்டம் இருக்குது. செருப்பைக் கழட்டணுமா?" என்று கேட்டார். கழட்ட வேண்டியதில்லை. ஒரு வேளை டிபனுக்குக் கொடுப்பதைவிடக் குறைந்த கட்டணத்துக்குச் சீட்டு கொடுத்தார்கள். யாரும் எங்களை ஏன் வந்தீர்கள் என்று கேட்கவில்லை.

63-ஆம் வயதில் ஒரு நோட்டுப் புத்தகம்

படங்களைப் பார்ப்பதற்கு முன், அவை பிறந்த கதையைச் சொல்லிவிடுகிறேன்.

1924-ஆம் ஆண்டு தாகூர் கப்பலேறித் தென் அமெரிக்கா போனார். பெரு நாட்டில் நடக்கும் விழாவுக்கு அழைத்திருந்தார்கள். வழியில் உடம்புக்கு முடியாமல் போய் அர்ஜென்டினாவில் தங்க நேர்ந்தது. அவருக்கு அப்போது வயது 63. விக்டோரியா ஒகாம்போ என்ற எழுத்தாளப் பெண்மணி, சான் இசித்ரோ என்ற ஊரில் ஆற்றங்கரையை ஒட்டி ஒரு வீட்டை ஏற்பாடு செய்து கவிஞரைக் கவனித்துக்கொண்டார். அங்கே இருந்தபோது தாகூர் எழுதிய கவிதைகள் பின்னர் "பூரபி" என்ற தொகுப்பில் வெளிவந்தன.

தாகூரின் நோட்டில் அடித்தல்கள் நிறைய. ஒரு சொல்லை அடிப்பார், ஒரு வரியை அடிப்பார், சில இடங்களில் நாலு வரியையும் சேர்த்து அடிப்பார். அடித்த இடம் அசிங்கமாகக் கிடப்பது அவருக்குப் பொறுக்கவில்லை. அடித்த கோடுகளை ஒன்றோடொன்று இணைத்தார். மேலே ஒரு வளைவு, கீழே ஒரு வால். பார்த்தால் ஒரு பறவை மாதிரி ஆகிவிட்டது. இன்னொரு பக்கத்தில் மூன்று அடித்தல்கள் சேர்ந்து பல்லைக் காட்டும் ஒரு மிருகமாயிற்று. கவிதை வரிகளுக்கு நடுவே இப்படிப் பிராணிகள் குடியேறிவிட்டன. நோட்டைப் பார்த்த ஒகாம்போ வியந்துபோனார். கவிஞர் விளையாட்டாகச் செய்ததை அவர் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஏறத்தாழ 1928-ல் தாகூர் கவிதைத் தாளை விட்டுத் தனித் தாளில் படம் வரையத் தொடங்கினார். ஓவியப் பள்ளிக்குப் போனவர் அல்லர். பார்க்கப் போனால் எந்தப் பள்ளியிலும் நிலைத்துப் படித்தவர் அல்லர். கல்கத்தாவில் பல பள்ளிகளில் சேர்த்தும் தங்கவில்லை. லண்டனில் படிக்க அனுப்பியும் பட்டம் வாங்காமல் 1880-ல் திரும்பிவிட்டார். மெட்ரிக் வரை படித்த என் போன்றவர்களுக்கு இதைக் கேட்க ஒரு சந்தோஷம் என்பதை மறைப்பானேன்.

பேனா மையும் வண்ண மைகளும்தான் அவருக்கு முக்கியமான சரக்கு. பூச்சாற்றைக்கூடத் தேய்த்திருக்கிறார். தூரிகை கைக்கு எட்டாவிட்டால் துணி, அதுவும் இல்லாவிட்டால் விரல். ஒரே மூச்சில் உட்கார்ந்து முடித்துவிடுவார். பெரும்பாலான படங்களுக்குத் தலைப்பு வைக்கவில்லை. சிவப்பு நிறத்தைப் பிரித்தறிவதில் அவர் கண்ணுக்குக் குறை இருந்தது என்றும், அதனால்தான் படங்களில் நிறங்கள் நாம் பழகியபடி அமையவில்லை என்றும் ஆராய்ந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள்.

உள்ளூரில் காட்ட அவருக்குத் தயக்கம். உலகம் போற்றும் கவிஞர் கிழ வயதில் கிறுக்குகிறார் என்று சிரிப்பார்களோ என்ற கூச்சம் இருந்திருக்கும். முதல் கண்காட்சி 1930 மே மாதம் பாரிஸில் நடந்தது. அதை முன்னின்று ஏற்பாடு செய்தவர் அதே ஒகாம்போதான். அதே ஆண்டில் படங்கள் இங்கிலாந்து, ஜெர்மனி, டென்மார்க், ரஷ்யா, அமெரிக்கா என்று ஊர் ஊராகப் போயின.

போட்டோவுக்கும் கூத்துக்கும் உள்ள தூரம்

ஜெர்மனியில் அந்தப் படங்களைப் பார்த்தவர்களுக்கு அவை அந்நியமாகத் தோன்றவில்லை. காரணம், அங்கே அதற்கு முன்பே "எக்ஸ்பிரஷனிசம்" என்று ஓர் ஓவிய முறை வேரூன்றியிருந்தது. தமிழில் வெளிப்பாட்டியம் என்று எழுதுகிறார்கள். பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். விஷயம் நமக்குத் தெரிந்ததுதான்.

அடையாள அட்டைக்கு எடுக்கிற போட்டோவை நினைத்துக்கொள்ளுங்கள். மூக்கு மூக்காக, காது காதாக இருக்கும். மனிதர் மட்டும் இருக்கமாட்டார். இப்போது வட ஆர்க்காட்டுத் தெருக்கூத்தில் துரியோதனன் வேஷத்தை நினைத்துப் பாருங்கள். எந்த மனிதனுக்கு அப்படிச் சிவந்த முகமும் அவ்வளவு பெரிய புஜமும் இருக்கிறது? ஆனால் திரையை விலக்கிக்கொண்டு அவன் வந்து நின்றால் ஆணவம் என்பதே வந்து நின்ற மாதிரி குழந்தைகள் நடுங்குகின்றன. ஊர் எல்லையில் ஐயனார் கண்ணை அத்தனை பெரிதாகக் குயவர் வைப்பதும் அளவு தெரியாமல் அல்ல. கண்ணுக்குத் தெரிகிறதை அப்படியே எழுதாமல், மனசுக்குள் நடக்கிறதை வெளியே போடுவதற்காக உருவத்தை வளைப்பது, நிறத்தை மாற்றுவது. எக்ஸ்பிரஷனிசம் என்பதும் ஏறக்குறைய இதுதான்.

ஐரோப்பாவில் இதற்கு முன்னோடி என்று நார்வே நாட்டு எட்வர்ட் மூங்க்கைச் சொல்வார்கள். பாலத்தின்மேல் ஓர் உருவம் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு வாயைத் திறந்து நிற்கும். "அலறல்" என்ற அந்தப் படத்தை 1893-ல் வரைந்தார். 1905-ல் ஜெர்மனியில் டிரெஸ்டன் நகரத்தில் கட்டடக்கலை படித்துக்கொண்டிருந்த நாலு இளைஞர்கள் சேர்ந்து "பாலம்" என்று ஒரு சங்கம் வைத்தார்கள். அங்கிருந்து அது பரவியது. 1922 டிசம்பரில் கல்கத்தாவிலேயே ஒரு கண்காட்சி நடந்து, காண்டின்ஸ்கி, பால் க்ளே முதலிய ஐரோப்பிய நவீன ஓவியர்களின் படங்கள் வந்து போயின.

தாகூர் எந்தச் சங்கத்திலும் சேர்ந்தவர் இல்லை. அவரை எக்ஸ்பிரஷனிஸ்ட் என்று சொல்லலாமா கூடாதா என்று அறிஞர்கள் வாதாடட்டும். நம் அறிஞர்களுக்கும் வேலை வேண்டாமா! ஆனால் அந்த வாதத்தை ஒரு விதத்தில் ஹிட்லரின் ஆட்களே தீர்த்துவைத்துவிட்டார்கள். 1930-ல் தாகூர் தம் படங்களில் ஐந்தை பெர்லின் தேசிய ஓவியக்கூடத்துக்கு அன்பளிப்பாகக் கொடுத்திருந்தார். ஹிட்லர் ஆட்சிக்கு வந்தபின், இந்த மாதிரிப் படங்களெல்லாம் "சீரழிந்த கலை" என்று தீர்ப்பாயிற்று. 1937-ல் ஜெர்மன் அருங்காட்சியகங்களிலிருந்து ஆயிரக்கணக்கான படங்களைக் கழற்றினார்கள். மக்கள் பார்த்துக் கேலி செய்யட்டும் என்று மியூனிக் நகரில் அவற்றில் சிலவற்றை வைத்துக் கண்காட்சியே நடத்தினார்கள். சுமார் 20 லட்சம் பேர் பார்த்தார்கள் என்று கணக்கு. எமில் நோல்டே என்ற ஓவியரின் படங்கள் மட்டும் ஆயிரத்துக்கும் மேல் பறிபோயின. இதில் வேடிக்கை, அந்த நோல்டே நாஜிக் கட்சிக்காரர். தாகூர் கொடுத்த ஐந்து படங்களும் அதே ஆண்டில் அதே காரணத்துக்காகச் சுவரிலிருந்து இறக்கப்பட்டன. அடித்த வரியில் பிறந்த படங்களை இன்னொரு தடவை அடித்தார்கள்.

சுவரில் நின்ற பெண்

இனி நாங்கள் பார்த்ததற்கு வருகிறேன்.

தாகூர் படங்கள் பெரியவை அல்ல. ரவிவர்மாவின் பெரிய எண்ணெய் ஓவியங்களைப் பார்த்துவிட்டு வருகிறவர்களுக்கு, இவை சட்டம் போட்ட காகிதத் துண்டுகளாகத் தோன்றும். வெளிச்சத்தையும் குறைத்து வைத்திருக்கிறார்கள். அதிக வெளிச்சம் பட்டால் மையும் காகிதமும் கெட்டுப்போகும். ரொம்பக் கிட்டப் போய்த்தான் பார்க்க வேண்டியிருந்தது.

முதலில் ஒரு பிராணி. பறவையா, முதலையா, ரெண்டும் கெட்டானா என்று சொல்ல முடியாது. கேங்மேன் அண்ணன் சிரித்துவிட்டார். "இன்னா தம்பி, என் பேத்தி சிலேட்டுல போடறா இந்த மாதிரி" என்றார். எனக்கும் அப்போது பதில் சொல்லத் தெரியவில்லை. அடுத்தது ஒரு மாலை நேரம். மரங்கள் எல்லாம் கன்னங்கரேல் என்று நிற்க, பின்னால் மஞ்சள் வானம். அதைக் கண்டதும் அண்ணன் நின்றார். "ராத்திரி பாட்ரோல் போறப்ப விடியறதுக்கு முன்னாடி இப்பிடித்தான் இருக்கும்" என்றார். படத்தில் இருப்பது மாலையாக இருக்கலாம், விடியலாகவும் இருக்கலாம். தாகூர் எழுதி வைக்கவில்லையே. பாதையை நாற்பது ஆண்டுகள் நடந்து பார்த்தவர் விடியல் என்றால் நான் மறுக்கப் போவதில்லை.

அதற்குப் பிறகு அந்தப் பெண் முகம். நீள்வட்டமான முகம், தலையைச் சுற்றி முக்காடு. பழுப்பும் கறுப்புமாக மை. மூக்கு நேராக இறங்குகிறது, வாய் மூடியிருக்கிறது. கண்கள் நம்மைப் பார்ப்பது மாதிரியும் இல்லை, பார்க்காத மாதிரியும் இல்லை. அழகி என்று சொல்ல முடியாது. அழவும் இல்லை.

அண்ணன் அங்கேயே நின்றுவிட்டார். நான் அடுத்த அறை வரைக்கும் போய்த் திரும்பி வந்தேன். அப்போதும் நின்றுகொண்டிருந்தார்.

"இந்தம்மா யாரையோ வழியனுப்பிட்டு நிக்குது, தம்பி" என்றார். "அந்த ஆள் போயிட்டான். வண்டி போயிருச்சு. இது இன்னும் வூட்டுக்குள்ள போகல."

சற்றுப் பொறுத்து, "எங்கம்மா இப்பிடித்தான் நின்னுச்சு" என்றார். 19 வயதில் அவர் வேலை தேடி பெங்களூர் வண்டி ஏறியபோது, திருப்பத்தூர் ஸ்டேஷன் வரைக்கும் நடந்தே வந்து வழியனுப்பிய அம்மா அவர். இரண்டு வருடத்தில் இறந்துபோனார். சேதி வந்து இவர் போய்ச் சேருவதற்குள் எடுத்துவிட்டார்கள். அம்மாவுக்கு ஒரு போட்டோ கூடக் கிடையாது. அந்தக் காலத்தில் அந்த ஊரில் போட்டோ எடுத்துக்கொண்டவர்கள் கல்யாணம் ஆனவர்களும் கட்சிக்காரர்களும்தான்.

"அம்மா முகம் இந்த மாதிரியா இருக்கும், அண்ணே?" என்று கேட்டேன்.

"சீச்சீ, இல்ல. எங்கம்மா கறுப்பு, வட்ட முகம். மூக்கும் இப்பிடி இல்ல. ஒண்ணுகூட ஒத்துப்போகல. ஆனா இது எங்கம்மா நின்னாப்பலயே இருக்குது."

எக்ஸ்பிரஷனிசத்துக்கு எங்கள் கேங்மேன் அண்ணன் தந்த இந்த விளக்கத்தைவிடத் தெளிவாக எந்தப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை.

தாகூர் அந்த முகத்தை ஒரு தடவை இரண்டு தடவை அல்ல, மீண்டும் மீண்டும் வரைந்திருக்கிறார். அது யார் முகம் என்று ஒரு பெரிய விவாதமே இருக்கிறது. தாகூரின் அண்ணி காதம்பரி தேவி. சிறு வயதில் அவருக்குத் தோழியாகவும், எழுதியதை முதலில் கேட்கிறவராகவும் இருந்தவர். 1884-ல், தாகூருக்குத் திருமணமான சில மாதங்களில், தற்கொலை செய்துகொண்டார். அந்தக் கண்கள் அவருடையவை என்று கருதுகிறவர்கள் பலர். இருக்கலாம். அதோடு நின்றதா துக்கம்? 1902-ல் மனைவி மறைந்தார். 1903-ல் மகள் ரேணுகா. 1905-ல் தந்தை. 1907-ல் கடைசி மகன் சமீந்திரநாத், பதினொரு வயதுப் பையன், காலராவில் போனான். ஐந்து ஆண்டுகளில் நாலு சாவு கண்ட வீடு. பாட்டு எழுதினார், கதை எழுதினார், பள்ளிக்கூடம் நடத்தினார், உலகம் சுற்றினார். இத்தனை எழுதிய பிறகும் எழுத்தில் அடங்காதது ஏதோ மிஞ்சியிருந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் அறுபது வயதுக்கு மேல் ஒரு மனிதர் விரலில் மையைத் தொட்டுக்கொண்டு இப்படி முகம் முகமாக ஏன் போட்டுத் தள்ள வேண்டும்?

அதே பேலஸ் ரோட்டில்

இன்னொரு சங்கதி. இந்தக் கலைக்கூடம் இருக்கிற அதே பேலஸ் ரோட்டில், நடந்து போகும் தூரத்தில், பாலப்ரூயி விருந்தினர் மாளிகை இருக்கிறது. பெரிய பெரிய மரங்கள் சூழ்ந்த பழைய பங்களா. 1928-ஆம் ஆண்டு தாகூர் இங்கிலாந்து போகப் புறப்பட்டவர், சென்னையில் உடல்நலம் குன்றி, பயணத்தைக் கைவிட்டார். குன்னூரில் தங்கினார். புதுச்சேரியில் அரவிந்தரைக் கண்டார். கொழும்பு போய் வந்தார். பிறகு பெங்களூரில், அப்போது மைசூர் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்த தம் நண்பர் பிரஜேந்திரநாத் சீலின் விருந்தாளியாக பாலப்ரூயியில் தங்கினார். "சேஷேர் கவிதா" என்ற நாவலை எழுதி முடித்ததும் இங்கேதான். அவர் தனித் தாளில் படம் போடத் தொடங்கியதும் அதே காலத்தில்தான் என்பதை மேலே சொன்னேன். இந்த ரோட்டு மரங்களின் கீழே நடக்கும்போது அவர் மனசில் எந்த முகம் ஓடிக்கொண்டிருந்ததோ! அதற்கு முன் 1919-லும் அவர் பெங்களூர் வந்திருக்கிறார். அந்தப் பயணத்தில்தான் பக்கத்து மதனபள்ளியில் "ஜன கண மன" பாட்டை ஆங்கிலத்தில் ஆக்கினார்.

பேலஸ் ரோட்டில் தினமும் ஆயிரக்கணக்கானவர்கள் பஸ்ஸில் போகிறார்கள். நம்மவர்கள் அந்த ரோட்டைப் போட்டிருக்கிறார்கள், கேபிளுக்குப் பள்ளம் தோண்டியிருக்கிறார்கள், பக்கத்து ஹோட்டல்களில் பரிமாறுகிறார்கள். வலது பக்கம் ஒரு கவிஞர் தங்கினார், இடது பக்கம் அவர் படம் மாட்டியிருக்கிறது என்று ஒருவரும் சொல்வதில்லை. எந்தப் பக்கம் எது என்பது நீங்கள் எந்தத் திசையில் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது, அதை விடுங்கள்.

உழைப்பாளர் சிலை

வெளியே வந்து புல்வெளி ஓரத்தில் உட்கார்ந்தோம். "மெட்ராஸ் பீச்சுல நாலு பேரு பாறையைப் புரட்டுற சிலை இருக்குதே, அது மாதிரி இங்க ஒண்ணும் இல்லையா?" என்று அண்ணன் கேட்டார். மெரீனாவின் உழைப்பாளர் சிலையைத்தான் கேட்கிறார். "அந்தச் சிலை செஞ்சவன் வேலை செஞ்சு பாத்திருக்கணும். நாலு பேரும் ஒண்ணா தம் புடிக்கிறது நிஜமா இருக்கும். நாங்க தண்டவாளம் நகத்தறப்ப அப்பிடித்தான்" என்றார்.

1959-ல் நிறுவப்பட்ட அந்தச் சிலையைச் செய்தவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. வங்காளி. சென்னை ஓவியப் பள்ளிக்குத் தலைவராக வந்து, தமிழ்நாட்டில் நவீன ஓவியர்கள், சிற்பிகள் ஒரு தலைமுறையே உருவாகக் காரணமானவர். அவருடைய குரு அவனீந்திரநாத் தாகூர். அவனீந்திரநாத், நம் ரவீந்திரநாத்தின் அண்ணன் மகன் முறை. ஆக, மெரீனாவில் நாம் பட்டாணி சுண்டல் தின்றுகொண்டு பார்த்த சிலைக்கும், பேலஸ் ரோட்டுச் சுவரில் நின்ற அந்தப் பெண்ணுக்கும் ஒரு குடும்ப உறவு உண்டு. அண்ணனிடம் சொன்னேன். "அப்ப நம்ம வூட்டு ஆளுதான்" என்றார்.

அந்தச் சென்னைப் பள்ளியில் பிற்பாடு படித்தவர்களில் ஆதிமூலத்தை நம் வாசகர்கள் அறிவார்கள். திருச்சி மாவட்டத்துக் கீராம்பூர்க்காரர். காந்தி நூற்றாண்டையொட்டி 1969-ல் காந்தியைக் கோடு கோடாக வரைந்து புகழ் பெற்றார். கி. ராஜநாராயணனின் "கரிசல் காட்டுக் கடுதாசி" ஜூனியர் விகடனில் வந்தபோது கூடவே வந்த கோட்டுப் படங்களை மறக்க முடியுமா? கதையைப் படிக்காமல் படத்தை மட்டும் வெட்டி வைத்துக்கொண்டவர்களை எனக்குத் தெரியும். அவற்றிலும் முகம் முகமாகவா இருந்தது? வெயிலும் வறட்சியும் மனிதர்களாக உட்கார்ந்திருந்தன. அதையெல்லாம் அன்றைக்கு நாம் "புரியவில்லை" என்று தள்ளவில்லை. டீக்கடை பெஞ்சிலேயே பார்த்து ரசித்தோம். அதே கண்ணோடு இங்கேயும் போகலாம்.

போக விரும்புகிறவர்களுக்குச் சில குறிப்புகள். திங்கட்கிழமை விடுமுறை. மற்ற நாட்களில் காலையில் திறந்து மாலையில் மூடிவிடுவார்கள், ஆகவே மத்தியானத்துக்கு முன்னால் போனால் நிதானமாகப் பார்க்கலாம். படங்களை அவ்வப்போது மாற்றி வைப்பது வழக்கம். நாங்கள் பார்த்த அதே முகம் நீங்கள் போகிற நாளில் சுவரில் இல்லாமல் போகலாம். வாசலில் இருப்பவரிடம் தாகூர் படம் எந்த அறையில் என்று கேட்டால் சொல்கிறார்கள். கன்னடம் தெரிந்தால் நல்லது, தமிழில் கேட்டாலும் புரிந்துகொள்கிறார்கள். பிள்ளைகளை அழைத்துப் போங்கள், அந்த முதலைப் பறவையை அவர்களுக்குப் பிடிக்கும். கேங்மேன் அண்ணன் அடுத்த மாதம் தம் பேத்தியைக் கூட்டிக்கொண்டு மறுபடி போகப் போகிறாராம். சிலேட்டையும் எடுத்துக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார்.